மணல் கலர்

இனிமேல் ரியாத்துக்குத் திரும்பிப் போவதில்லை என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்த மம்மது, சங்கரன்கோவிலில் தன் புது வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றுவிட்டார். வீடு முழுக்க மணல் கலர்.

அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து அவர் போனில் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. வெளிச்சுவருக்கு நல்ல கிளிப்பச்சை, ஜன்னல் சன்ஷேடுக்கு ரோஸ், மொட்டைமாடிக்கு மயில் வைத்த கம்பி. மகள் முபஷ்ஷிராவும் "சரி வாப்பா, சரி வாப்பா" என்றுதான் சொல்லி வந்தாள். உள்ளே போனால் ஹாலிலும் அதே மணல், கொஞ்சம் வெளுப்பாக. ஃபால்ஸ் சீலிங்கில் ஒளித்து வைத்த விளக்குகூட அந்த நிறத்தையே கொட்டியது.

"பச்சை எங்கம்மா?"

"இப்போ யாரு வாப்பா பச்சை அடிக்கா? ரோட்டுல போறவங்க பாத்துச் சிரிப்பாங்க. இதுதான் ரிச்சா இருக்கும். மாமாவுக்கும் பிடிச்சிருக்கு."

மாமா என்றது ஷேக் ஃபரீத்தை. கடையநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் மகனுக்குத்தான் முபஷ்ஷிராவை நிச்சயம் செய்திருந்தார்கள்.

மம்மது பெட்டியைச் சுவரோரமாக வைத்தார். அந்த நிறம் ஏன் ஆகாது என்று சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஊருக்கு அவர் கம்பெனி சூப்பர்வைசர். ரியாத்தில் அவர் பெயிண்டர். மாடி மாடியாகக் கயிற்றுத் தொட்டியில் தொங்கிக்கொண்டு, மணல் நிறக் கட்டடங்களுக்குத் திரும்பத் திரும்ப மணல் நிறத்தையே அடித்தவர். போன புதிதில், தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த மனைவி மஹ்பூபாவிடம் பெருமைக்காகச் சொன்ன ஒரு பொய், வளர்ந்து மகளின் நிக்காஹ் பேச்சு வரை வந்து நின்றது.

குடிபுகுந்த அன்று ஓதி முடித்துப் பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஆதம் பஸ் ஏறி வந்திருந்தான். ரியாத்தில் மம்மதுவோடு ஒரே அறையில் படுத்து, ஒரே தொட்டியில் தொங்கி, அவருக்கு முன்பே ஊர் திரும்பியவன். பரிசாகக் கொண்டுவந்த சுவர்க் கடிகாரத்தை நீட்டிக்கொண்டே வீட்டை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

"ஏண்ணே, இங்கன வந்தும் இந்தக் கலர்தானா? அங்கன அடிச்சு அடிச்சு நம்ம எச்சிலே இந்தக் கலர்லதான வந்துச்சு?"

பக்கத்தில் நின்ற ஷேக் ஃபரீத் திரும்பினார். "யாரு அடிச்சது?"

மம்மது முந்திக்கொண்டார். தெளிவாகவே சொன்னார். "இவன் பெயிண்டருங்க. என்கிட்ட வேலை பாத்த பையன்."

ஆதம் அவர் முகத்தையே பார்த்தான். "ஆமாங்க," என்றான் சம்பந்தியிடம். "அண்ணன்தான் எங்களுக்கு மேல. எங்க கயிறெல்லாம் அண்ணன் கையிலதான் இருக்கும்."

கடிகாரத்தை நாற்காலியில் வைத்தான். சாப்பிட உட்காராமலே போய்விட்டான்.

விருந்தாட்கள் எல்லாம் கிளம்பிய பிறகு முபஷ்ஷிரா கேட்டாள். "அந்த ஆளை ஏன் வாப்பா கூப்பிட்டீங்க?"

"கூட இருந்தவன்லா. கம்பெனியில நான்..."

"எங்களுக்குத் தெரியும் வாப்பா." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நான் பள்ளிக்கூடம் போற காலத்துலேயே தெரியும். அங்கன உங்களைப் பாத்தவங்க வந்து சொன்னாங்க. நீங்க சொல்லல, நாங்களும் கேக்கல. அதுக்காகத்தான் வீட்டுக்கு இந்தக் கலர். பச்சையும் ரோஸும் மயிலும் கூலி வேலைக்குப் போனவங்க வீட்டுலதான் இருக்கும், பாத்ததுமே தெரிஞ்சிருமே."

"என்ன தெரிஞ்சிரும்?"

அவள் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மஹ்பூபா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை.

வீட்டில் ஏற்கெனவே தெரிந்துபோயிருந்த ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான் ஆதமின் கயிற்றை வாசலில் வைத்து அறுத்துவிட்டிருக்கிறோம் என்பது மம்மதுவுக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. போன் போட்டார். மணி அடித்தது, ஆதம் எடுக்கவில்லை. மறுநாள் கரிவலத்துக்கே போனார். ஆதமின் பைக் வாசலில் நின்றது. அவன் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவுக வெளிய போயிருக்காக, எப்ப வருவாகன்னு தெரியாது," என்றாள். தண்ணீர் வேணுமா என்று கேட்கவில்லை. மம்மது அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

இரண்டு மூன்று நாள் அவர் திரும்பத் திரும்பப் போனை எடுத்துப் பார்ப்பதைக் கவனித்த மஹ்பூபா, காப்பியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பின்னால துணி துவைக்கிற இடத்துல ஒரு சுவர் பூசினதோட கிடக்கு. வெளிய இருந்து பாத்தா தெரியாது. அதுக்கு வேணா உங்க பச்சையை அடிச்சுக்கிடுங்களேன்."

அவள் பிரியமாகத்தான் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அதுக்கும் அந்த மணலையே அடிக்கச் சொல்லு," என்றார்.

பெயிண்டர் வந்து அடித்துவிட்டுப் போனார். மம்மது அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.