கூரை உயரும் வண்டி விற்பனைக்கு

1

இந்தக் கதை ஒரு விளம்பரத் தாளில் பிறந்தது. அந்தத் தாளைத் தட்டச்சு செய்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கற்பனையில் உதித்தது என்று நீங்கள் என்னைப் பாராட்டிவிடக் கூடாது.

1986 நவம்பர், அபுதாபியின் ருவைஸ். எண்ணெய் விலை விழுந்து, எங்கள் கம்பெனி ஆட்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பிக்கொண்டிருந்த நேரம். பம்ப் பிரிவில் ஃபிட்டராக இருந்த இராஜரத்தினத்தின் பெயரும் வந்துவிட்டது. விசா முடிவதற்குள் அவன் தன் வண்டியை விற்றாக வேண்டும். நான் ஆபீஸில் டைப்பிஸ்ட். கேம்ப்பில் ஒரு காலத்தில் நாங்கள் ஒரே ரூம்.

"வாசு, ஒரு விளம்பரம் அடிச்சுத் தாரும். கடை வாசல் பலகையில ஒட்டோணும்," என்றான்.

ஆங்கிலத்தில் நான் அடித்துக் கொடுத்ததன் சாரம் இது: விற்பனைக்கு. பிக்கப், பின்னால் கேம்பர் பொருத்தியது. கூரையை உயர்த்தலாம். இருவர் படுக்கலாம். நல்ல நிலை. உரிமையாளர் ஊருக்குத் திரும்புகிறார்.

கடைசி வரியைப் படித்துவிட்டு இராஜரத்தினம் சிரித்தான். "எந்த ஊருக்கு?" என்றான்.

அவன் ஊர் யாழ்ப்பாணம். அங்கே போகிற நிலைமை இல்லை. மனைவி கமலேஸ்வரியின் அண்ணன் திருச்சியில் அகதியாகப் பதிந்துகொண்டு ஒரு வாடகை வீட்டில் இருந்தார். அங்கேதான் போவதாக இருந்தது. நான் அந்த வரியை நீக்கிவிட்டு 'உரிமையாளர் போகிறார்' என்று மட்டும் வைத்தேன்.

2

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"மணல்வெளியில் அந்த வண்டி தன்னந்தனியாக…" இல்லை. அது ஒருபோதும் தனியாக நிற்கவில்லை. வண்டிக்குள் ஆள் இருந்தது.

"கமலேஸ்வரி கதவைத் திறந்தபோது கடல்…" கடல் இருந்தது உண்மை. ஆனால் கடலைச் சொன்னால் நீங்கள் இதை ஒரு சுற்றுலாக் கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

மூன்றாவதை எழுதும்போதுதான் புரிந்தது. அவன் அந்த வண்டியை ஏன் வாங்கினான் என்று சொல்லாமல், ஏன் விற்றான் என்று சொல்ல முடியாது. ஆகவே நேராகச் சொல்கிறேன்.

1983 ஜூலையில் கமலேஸ்வரி கொழும்பில் இருந்தாள், கல்யாணமாகி ஒரு வருடம். அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டைக் கலவரக்காரர்கள் எரித்தார்கள். அவள் பின்மதில் ஏறிக் குதித்துத் தப்பி, ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்துவிட்டு, கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தாள். அவள் உயிரோடு இருக்கிற செய்தி வந்துசேரும்வரை இராஜரத்தினம் எங்கள் ரூமில் சோறு தின்னவில்லை.

செய்தி வந்ததும் அவளை எப்படியாவது இங்கே கொண்டுவந்துவிடுவது என்று நின்றான். விசாவுக்கு வழி பிறந்தது. வீட்டுக்குத்தான் வழியில்லை. ஃபிட்டர் கிரேடுக்குக் குடும்பக் குடியிருப்பு கிடையாது. கேம்ப் ரூமில் நாங்கள் நான்கு ஆண்கள். அந்தச் சமயத்தில் ஒரு டச்சு என்ஜினியர் வேலை முடிந்து கிளம்பினார். அவருடைய வண்டிதான் அது. பிக்கப்பின் பின்தட்டில் ஒரு பெட்டி. வெளியே ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, உள்ளே ஒருவர் கட்டையைத் தூக்கிக் கொடுத்தால், மூடி போலக் கூரை எழும்பும், சுற்றிலும் கித்தான் சுவர் விரியும். உள்ளே கட்டில், இரண்டடுப்பு கேஸ், மடக்கு மேசை, கைகழுவ ஒரு தொட்டி.

இராஜரத்தினம் அதை வாங்கினான். அவள் வந்தாள். ஜெபல் தன்னா பக்கம் கடலோரத்தில் நிறுத்திக் குடித்தனம் தொடங்கினார்கள். செக்யூரிட்டி வந்து விரட்டினால் கூரையை இறக்கிவிட்டு வேறிடம். வெள்ளிக்கிழமைகளில் நான் போவேன். மடக்கு மேசையில் இடியப்பமும் சொதியும் இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அது வீடு என்பதில் அவள் அவ்வளவு கண்டிப்பு.

வெயில் காலம் வந்தால் மகேசன் என்ற சூப்பர்வைசர் தன் ஃபிளாட்டில் ஓர் அறை ஒதுக்கிக் கொடுப்பார். குளிர் தொடங்கியதும் மறுபடி வண்டி. இப்படியே மூன்று குளிர்காலம்.

(முதல் வெயில் காலத்தில் மட்டும் அவர்கள் மகேசன் வீட்டுக்குத் தாமதமாகப் போனார்கள். இதை இங்கே சொல்வதா, பின்னால் சொல்வதா என்று தெரியாமல் இந்த அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே போனார்கள்.)

3

விளம்பரத்தைப் பார்த்து முதலில் வந்தவர் பொன்னுச்சாமி. சாரம் கட்டும் கம்பெனியில் ஃபோர்மேன், மதுரைப் பக்கம். எஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் கேட்டார், டயரை உதைத்தார், கேட்ட விலைக்கு ஒப்புக்கொண்டார். பிறகு பின்பக்கம் வந்து கேம்பரைத் தட்டினார்.

"இந்த டப்பாவைக் கழட்டி எங்கிட்டாவது போட்டுருவோம். எனக்குப் பைப் ஏத்த வெறும் வண்டி போதும்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் பைப் ஏற்ற வேண்டியிருந்தது. ஆனால் கமலேஸ்வரி உள்ளேயிருந்து இறங்கி வந்து, "வண்டி வித்தாச்சு அண்ணை," என்றாள்.

"எப்பம்மா?"

"இப்பதான்."

பொன்னுச்சாமி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அவர் போன பிறகுதான் இராஜரத்தினம், "கமலா, நாள் இல்லை," என்றான் மெதுவாக. அவள் தொட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

இரண்டாவதாக வந்தவர் ஜெய்னுலாப்தீன். கீழக்கரைக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது, கடைத்தெருவில் சின்ன மளிகைக்கடை. சைட் சைட்டாகக் காய்கறி கொண்டுபோய் விற்க வண்டி தேடுவதாகச் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் பிரதியில் நான் ஜெய்னுலாப்தீனை வேடிக்கை மனிதராக எழுதியிருந்தேன். காய்கறி வியாபாரி கட்டிலை அமுக்கிப் பார்க்கிறார், கித்தானில் வெளியே ஆள் நிழல் தெரியுமா என்று கேட்கிறார், கேஸ் அடுப்பில் மீன் குழம்பு கொதித்தால் வாடை நிற்குமா என்கிறார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது நிஜம். இப்போது வரவில்லை. ஆகவே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

கமலேஸ்வரி மட்டும் சிரிக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் கூரையை உயர்த்திக் காட்டச் சொன்னார். அவள் உள்ளே போனாள், கைப்பிடியை அவரிடமே கொடுத்துச் சுற்றச் சொன்னாள். முஸ்லிம் அண்ணன்மாரை இலங்கையில் அழைப்பதுபோல அவரை 'நானா' என்றாள்.

"நானா, தனிய ஏலாது. வெளியில ஒராள், உள்ளுக்க ஒராள் வேணும்."

"இருப்போம், தங்கச்சி. ரெண்டு பேரு இருப்போம்," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கைப்பிடியை விட்டுவிட்டார். பாதி எழுந்த கூரை அப்படியே நின்றது.

"ஆரு நானா மற்ற ஆள்?"

அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரி. ஹாலிதா." குரல் இறங்கிவிட்டது. "நிக்காஹ் ஆகி இருவத்தஞ்சு வருஷமாச்சு. நான் ஊருக்குப் போவேன், வருவேன். சேத்துக் கூட்டிப் பாத்தா ரெண்டு வருஷம் ஒண்ணா இருந்திருப்போமா, தெரியல. கடைக்குப் பின்னாடி நான் படுக்குற எடம் மூட்டைக்கும் எனக்குமே பத்தாது. புள்ளைங்களை எல்லாம் கட்டிக் குடுத்தாச்சு. இந்த வயசுல பொண்டாட்டிக்காக வண்டி வாங்குறேன்னு கடைத்தெருவுல சொன்னா சிரிப்பானுவ. அதான் காய்கறின்னேன்."

யாரும் சிரிக்கவில்லை.

4

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் கதை நன்றாகவே முடியும். நல்ல ஆள் கிடைத்துவிட்டார், வீடு வீடாகவே இருக்கப் போகிறது, சுபம். ஆனால் கமலேஸ்வரி அப்படி விடவில்லை.*

அவள் வண்டியின் படியில் உட்கார்ந்தாள். "நானா, ஒண்டு சொல்லோணும். வாங்கிறதெண்டா கேட்டிட்டு வாங்குங்கோ."

"கமலா," என்றான் இராஜரத்தினம். "அது இப்ப தேவையில்லை."

"தேவை. அவவும் ஒரு பொம்பிளை." ஜெய்னுலாப்தீனைப் பார்த்துச் சொன்னாள்: "வெயில் தொடங்கினா இதுக்குள்ள இருக்கேலாது. ஃபேன் காணாது. கித்தான் கொதிக்கும். முதல் வருசம் எனக்கு மூண்டு மாசம். பகலில மயங்கி விழுந்திட்டன். இவர் டியூட்டி முடிஞ்சு வந்துதான் பாத்தவர். பிள்ளை தங்கேல்லை. வெயிலாலதான் எண்டு டொக்டர் சொல்லேல்லை. எனக்குத் தெரியும்."

காற்று கித்தானை அடித்துக்கொண்டிருந்தது. இராஜரத்தினம் எங்களுக்கு முதுகு காட்டி நின்றான். பிறகு, அவரிடம் சொல்வதுபோல, கடலைப் பார்த்துச் சொன்னான்: "நான்தான் இவவை இதுக்குள்ள கொண்டுவந்து வைச்சனான்."

ஆஸ்பத்திரி வாசலில் நான் அவனோடு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குக்கூட அவன் இதைச் சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

"என்ன கதைக்கிறீங்கள்?" என்றாள். எழுந்து அவன் பக்கத்தில் போனாள். "மகேசன் அண்ணை வீட்டில அறை இருந்தது. வா வா எண்டு நீங்கள் எத்தினை நாள் கெஞ்சினீங்கள்? நான்தான் மாட்டன் எண்டு நிண்டனான். ஒரு வீட்டை விட்டிட்டு மதில் பாஞ்சு ஓடினது காணும், இனி ஒரு வீட்டையும் விட்டிட்டு வரமாட்டன் எண்டு நிண்டனான். நீங்களோ செய்தது? நானெல்லோ?"

"நீர் இல்லை."

"அப்ப நீங்களும் இல்லை."

இரண்டு வருடத்துக்கு மேலாக ஆளுக்கொரு பக்கம் அதே பாரத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரே கட்டிலில் படுத்து எழுந்திருக்கிறார்கள். இந்த வாக்கியத்தை இன்னும் அழகாக எழுத முயன்று தோற்றேன். அவன் அழுதான். அவள் தன் சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்தாள், நாங்கள் இரண்டு ஆண்கள் நிற்கிறோம் என்ற கூச்சமே இல்லாமல்.

ஜெய்னுலாப்தீன் என் தோளைத் தொட்டு, சற்றுத் தள்ளி அழைத்துப்போனார். கொஞ்ச நேரம் கழித்து, அவனும் அவளும் வண்டிப் படியில் உட்கார்ந்த பிறகு, திரும்பிப் போய் அவர்கள் முன்னால் மணலில் குந்தினார்.

"தங்கச்சி, நான் வாங்கிக்கிறேன். நோம்புக்கு முந்தி அவளை ஊருக்கு அனுப்பிருவேன். அவ அடம் புடிச்சாலும் அனுப்பிருவேன்."

"அடம்பிடிப்பா," என்றாள் கமலேஸ்வரி. அழுதுகொண்டே சிரித்தாள். "என்ர பேரைச் சொல்லுங்கோ. நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ."

_* நான் தென்காசிக்காரன். யாழ்ப்பாணப் பேச்சும் கீழக்கரைப் பேச்சும் என் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். பிசகு இருந்தால் என் காதுடையது._

5

வண்டி கைமாறியது. கூரையை இறக்குகிற வேலையைக் கடைசியாக அவர்கள் இருவரும்தான் செய்தார்கள். அவள் உள்ளே, அவன் வெளியே. 'அவள் கண் கலங்கினாள்' என்று எழுதி வைத்திருந்தேன். கலங்கவில்லை. கேஸ் சிலிண்டரைத் திருகி மூடும் விதத்தை ஜெய்னுலாப்தீனுக்கு இன்னொரு முறை காட்டிக்கொண்டிருந்தாள். அதே வாரம் இருவரும் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இராஜரத்தினம் மோட்டார் பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தான். மறு வருடக் கடைசியில் ஒரு பெண் குழந்தை. இது கற்பனை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், நான் மாற்றமாட்டேன்.

ஹாலிதா?

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் வருகிறாள், வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்காக்கும் இவ்வளவு ரகசியம்?" என்கிறாள். இன்னொன்றில், "இருவத்தஞ்சு வருஷம் வீட்டுல தங்காத மனுசன் இப்ப வண்டிக்குள்ள கூப்புடுறாரு," என்று சொல்லி ஊரிலேயே இருந்துவிடுகிறாள். இரண்டாவது அவள் வாயில் நன்றாகப் பொருந்துகிறது, அதனால் பயமாக இருக்கிறது.

எனக்கு உண்மை தெரியாது. விசா கிடைத்தது, டிக்கெட் அனுப்பியாகிவிட்டது என்பதுவரை தெரியும். பதில் வந்ததா என்று கேட்டதற்கு, "அவ எழுதுறவ இல்ல, வந்தா வருவா," என்றார் ஜெய்னுலாப்தீன். விமானநிலையத்துக்கு என்னைத் துணைக்கு வரச் சொன்னார். அதற்கு முந்தைய வாரம் கம்பெனி என்னைச் சவூதியில் யான்புவுக்கு அனுப்பிவிட்டது. வேறு கடல், வேறு கேம்ப். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அதனால் ஒரு உதவி. எனக்குப் பதிலாக நீங்கள் போங்கள். அபுதாபி, ஜனவரி மாதம், காலை நேரம். பம்பாயிலிருந்து வரும் விமானம் இறங்கிவிட்டது. ஜெய்னுலாப்தீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நிற்கிறார். தேய்த்த வெள்ளைச் சட்டை, அத்தர் கொஞ்சம் அதிகம். பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் ஆரஞ்சுப் பழப் பையும் வைத்திருப்பார். அதை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கிறது. அவள் வந்தால் அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கும்.