பூந்தொட்டிக்குப் பின்னால்

மடார் என்று ஒரு சத்தம். தெரு ஒருமுறை குலுங்கி அடங்கியது.

மெஷின்மேல் தலை சாய்த்துக் கண்ணயர்ந்திருந்த தையல்காரி விழித்துக்கொண்டாள். கனவில் அவள் ஒரு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்க அதிலிருந்த எழுத்துகள், தையல் பிரிவதுபோல ஒவ்வொன்றாக நூலாகிக் கையோடு வந்தன. கடைசி எழுத்தின் நுனியைப் பிடித்து இழுக்கப் போகும்போதுதான் அந்தச் சத்தம்.

பலகைத் தடுப்புக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர். பழுதுபார்க்கும் கண்ணாடியை ஒரு கண்ணிலிருந்து கழற்ற மறந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் நிறையக் கடிகாரங்கள், ஆளுக்கொரு நேரம் சொல்லிக்கொண்டிருந்தன.

"இடியா?"

"இடி இல்ல. காத்துதான் பேய் மாதிரி அடிக்குது. எங்கயோ எதுவோ விழுந்திருக்கு."

"பயந்துட்டீங்களா?"

"தூக்கத்துல இருந்தேன். பயப்பட நேரம் கிடைக்கல."

அவர் சிரித்தார். இன்னும் ஏதோ கேட்க வேண்டும்போல நின்றார். போன வாரம் கேட்டதுதான் அது. கடற்கரை ஊர் ஒன்றில் அவர் கடை பார்த்திருப்பது தெருவுக்கே தெரியும். இந்த வாரக் கடைசியில் இங்கே காலி செய்கிறார். "அந்தக் கடைக்குப் பின்னாடி வீடும் சேர்ந்தே இருக்கு. ஜன்னலைத் திறந்தா கடல். உங்க மெஷினை அந்த ஜன்னல்கிட்ட போடலாம்னு தோணுச்சு" என்றிருந்தார். கல்யாணம் என்ற வார்த்தையை மட்டும் கவனமாக விட்டுவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று இவள் சொன்னாள். யோசித்துக்கொண்டே இருக்கிறாள். கடலை அவள் இதுவரை பார்த்ததில்லை.

தலை கேள்வியைக் கேட்பதற்குள் வாசலில் வாளியும் கூடையுமாக மூச்சு வாங்க வந்து நின்றாள் நாத்தனார்.

"அண்ணி, அண்ணன் மேல மரம் விழுந்துடுச்சு."

தையல்காரி பதறி எழுந்து செருப்பைத் தேடினாள். ஒரு கால் செருப்பு அகப்பட்ட பிறகுதான் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன என்பது நினைவுக்கு வந்தது.

"கல்லு மேலயா?"

"பின்ன, அவன் எழுந்து உலாத்திக்கிட்டா இருந்தான்? கல்லு மேலதான். கல்லறைக் காவல்காரர் இப்பதான் போன் பண்ணினார். கிளம்புங்க."

நாத்தனார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெருவுக்கு அவள் செக்கரம்மா. பஸ்ஸையே கட்டிக்கொண்டவள் என்று அண்ணன் கேலி செய்வான். அவளும் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அண்ணனுக்கும் அவளுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம் என்பதால் எப்போதும் 'அவன்'தான். அவன் போன பிறகும் அண்ணியும் அவளும் ஒரே வீட்டில், ஒரே சமையலில் இருந்தார்கள். அவள் கண்ணில் படாமல் அந்த வீட்டில் ஒரு டம்ளர்கூட இடம் மாறாது.

புறப்படும்போது நாத்தனார் தடுப்பை ஒரு பார்வை பார்த்தாள். அங்கிருந்த தலை சட்டென்று இறங்கிக்கொண்டது.

*

கல்லறைத் தோட்டம் தெருக்கோடியில், ஒரு தாழ்ந்த மதிலுக்கு அந்தப் பக்கம். காற்று ஓய்ந்திருந்தது. ஆனால் இலைகளுக்கு அது தெரியவில்லை. அவசரமில்லாமல் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன. வெயில் வந்தும் வராமலும் மஞ்சளாக ஒரு வெளிச்சம். இந்த இடத்துக்குள் வந்தாலே தையல்காரிக்கு நடை மெதுவாகிவிடும். தண்ணீருக்குள் நடப்பதுபோல இருக்கும். சுத்தம் செய்யப்பட்ட கற்களும் செய்யப்படாத கற்களுமாக வரிசைகள் மிதந்து பின்னால் போயின. ஒரு கல்லின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன காகிதப் பூக்கள் பக்கத்துக் கல்லுக்குக் குடி மாறியிருந்தன. அவள் குனிந்து எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"அடுத்தவங்க வீட்டு வேலை அப்புறம். நம்ம வீடு இடிஞ்சு கிடக்கு" என்றாள் நாத்தனார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இருவரும் வருவார்கள். வேலையில் பாகப்பிரிவினை உண்டு. குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவருவது, களை பிடுங்குவது, செடிக்கு ஊற்றுவது, கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் சின்ன விளக்குக்கு எண்ணெய் விடுவது நாத்தனார். விளக்கு அவள் ஏற்பாடு. "லாரி ஓட்டினவன்தான். ஆனா ராத்திரியில கேபின் லைட்டை அணைக்க மாட்டான். சின்ன வயசுல இருட்டுன்னா என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டுதான் தூங்குவான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அவன் மானத்தை வாங்குவாள்.

கல் அண்ணியின் பொறுப்பு. மிருதுவான பிரஷ்ஷால் தேய்ப்பது, துணியால் ஒற்றுவது, எழுத்துகளில் மை மங்கினால் மெல்லிய தூரிகையால் கறுப்பு தீட்டுவது. ஊசி பிடித்த கை என்பதால் ஒரு துளிகூட எழுத்துக்கு வெளியே போகாது.

அது இரட்டைக் கல். ஒரே பலகையில் இரண்டு பெயர்கள். இடது பாதியில் அவர் பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு, இறந்த வருடம். வலது பாதியில் தையல்காரியின் பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் வெறும் கல்.

யாரும் கட்டாயப்படுத்தவில்லை. புதைத்துவிட்டு வந்த வாரம், கல்லில் எழுத்து வெட்டும் மேஸ்திரியிடம் அவளேதான் சொன்னாள், "என் பேரையும் சேர்த்தே வெட்டிடுங்க" என்று. "அவசரமில்லம்மா, இடம் விட்டு வைக்கிறேன்" என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அன்றைக்கு அது உண்மையாக இருந்தது. இன்றைக்கும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் தன் பெயரைத் தானே தேய்த்துக் கழுவுவது, அந்தக் கோட்டின் நுனியில் தூசி தட்டுவது, இதெல்லாம் ஒரு கட்டத்தில் அவளுக்கு மூச்சை அடைத்தது. ஒரு ஞாயிறு, வெள்ளைப் பூச்செடி ஒன்றைப் பெரிய மண்தொட்டியில் கொண்டுவந்து வலது பாதியின் முன்னால் ஒட்டி வைத்தாள். செடி பொங்கி வளர்ந்து பெயரை மூடிக்கொண்டது. பிறகு அந்தப் பக்கம் அவள் பிரஷ் போகவே இல்லை.

"அழகா இருக்கு" என்று மட்டும் அப்போது நாத்தனார் சொன்னாள்.

போன வாரம் கடிகாரக்காரர் கேட்டதிலிருந்து கனவு வர ஆரம்பித்தது. கல்லில் பேர் இருக்கிறவள் எப்படி வேறொரு ஜன்னலுக்குப் போவாள்? போகிறேன் என்று நாத்தனாரிடம் எந்த வாயால் சொல்வாள்? "எங்க அண்ணி மாதிரி வருமா, உயிரோட இருக்கும்போதே பக்கத்துல இடம் போட்டவங்க" என்று பஸ் முழுக்கப் பெருமை பேசினவள் அல்லவா?

*

விழுந்தது ஒரு பெரிய கிளை. அதை அதற்குள் இழுத்து ஒரு பக்கம் தள்ளியிருந்தார்கள். காவல்காரர் சொல்லி அனுப்பி, மதிலையொட்டியே பட்டறை வைத்திருக்கும் எழுத்து வெட்டும் மேஸ்திரியும் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

கல் இரண்டாகப் பிளந்திருந்தது. அளந்து அறுத்தாற்போல் இரண்டு பெயர்களுக்கும் நடுவே. இடது பாதி லேசாகச் சாய்ந்து நின்றது. வலது பாதி மல்லாந்து கிடந்தது. தொட்டி சுக்குநூறு. செடி வேரோடு ஒரு பக்கமாகப் படுத்திருந்தது, பூ ஒன்றுகூடக் கொட்டாமல்.

வலது பாதியைப் பார்த்ததும் தையல்காரி நின்றுவிட்டாள்.

அவள் பெயர் பச்சையாக இருந்தது. இத்தனை நாளும் தொட்டியின் நிழலும் ஈரமும் அந்தப் பக்கத்திலேயே தங்கியிருந்ததில், வெட்டிய எழுத்துகளுக்குள் மட்டும் பாசி பிடித்திருந்தது. ஒவ்வொரு எழுத்தும் வெல்வெட்டாகத் தடித்து, பச்சை நூலால் எம்பிராய்டரி போட்டதுபோல. அவர் பெயரின் கறுப்பு அதன் பக்கத்தில் வெளுத்துத் தெரிந்தது. மறைக்க வைத்ததுதான் அதை வளர்த்திருந்தது. இலையிடுக்கு வெயில் அதன்மேல் அசைந்தபோது, பெயர் மூச்சு விடுவதுபோல இருந்தது.

இது இன்னும் மத்தியானத் தூக்கம்தான் என்று ஒரு கணம் நினைத்தாள். நுனியைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

"வழவழப்பா இருக்கிற இடத்துல பாசி நிக்காதும்மா. வெட்டின பள்ளத்துலதான் பிடிக்கும். அதுக்குக் காயாத ஈரம் வேணும்" என்றார் மேஸ்திரி. "தொட்டிக்குப் பின்னாடி தேய்ச்சே நாளாச்சு போலிருக்கே."

தையல்காரி மண்டியிட்டாள். கூடையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து முதல் எழுத்தின்மேல் வைத்துத் தேய்த்தாள். பச்சை கொஞ்சம் கசிந்து பரவியது. இன்னும் அழுத்தினாள். முதுகுக்குப் பின்னால் நாத்தனார் நிற்பது தெரிந்தது. அந்த வாய் சும்மா இருப்பதும் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. டிக்கெட் இல்லாதவனைப் பிடித்தால் பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்துகிறவள்.

"வந்து... செடி பெருசாயிடுச்சு. நகர்த்த முடியல. அதான்..."

"ம்."

"அடுத்த வாரம் தேய்ச்சிடலாம்னு இருந்தேன்."

"பிரஷ்ஷைக் கீழ வைங்க அண்ணி. உடைஞ்ச கல்லைக் கழுவி யாருக்குக் காட்டப் போறீங்க?"

நாத்தனார் மெல்லக் குனிந்து, முழங்கால் நோக முனகிக்கொண்டே, செடியை வேர்மண்ணோடு அள்ளித் தன் வாளிக்குள் நிறுத்தினாள். பிறகு விரலால் அந்தப் பச்சையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் வளர்ந்திருக்கு. நான் ஊத்தின தண்ணி."

"செக்கரம்மா கை ராசி" என்றார் மேஸ்திரி.

"கை ராசி இல்ல. செடிக்கு ஒரு குவளை போதும், நான் ரெண்டு ஊத்தினேன். செடி வாடினா அண்ணி தொட்டியை எடுத்துட வேண்டியிருக்குமோன்னு."

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் அவளைப் பார்க்கவில்லை. விளக்குக் கூண்டின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் மட்டும் ஒரு கீறல்கூட விழவில்லை.

"இதை ஒட்ட முடியுமா மேஸ்திரி?" தையல்காரியின் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. "துணின்னா பிரிச்சுத் தைச்சிடுவேன்."

"கல்லைத் தைக்கிற ஊசி இன்னும் வரலம்மா. ஒட்டினாலும் கோடு தெரியும், மழைக்கு விட்டுடும். புதுசாதான் போடணும். அதே அளவுல பலகை ஒண்ணு என் பட்டறையில தயாரா கிடக்கு." காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "என்கிட்ட வேலை கொடுத்தவங்க ரெண்டாவது தடவை வர்றது அபூர்வம். அதனால இந்தத் தடவை நிதானமா சொல்லுங்க. பழையபடி ரெண்டு பேரா, இல்ல ஒரு பேரா?"

எங்கோ ஒரு இலை கல்லைத் தொட்டது. ஒரு பேர் என்று சொன்னால் அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகிறாள். இரண்டு பேர் என்றால் அந்த ஜன்னலை இப்போதே சாத்திவிடுகிறாள். அவள் கை கல்லின் உடைந்த ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது, கிழிந்த துணியின் விளிம்பை மடித்துப் பார்ப்பதுபோல.

மேஸ்திரி இவளைப் பார்த்தார். பிறகு நாத்தனாரைப் பார்த்தார்.

நாத்தனார் விளக்கைத் தரையில் சரியாக வைத்தாள். அண்ணியின் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கித் தன் கூடையில் போட்டுக்கொண்டாள். வாளியை, வெள்ளைப் பூக்கள் அசைய, அண்ணியின் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"ரெண்டு பேருதான் மேஸ்திரி, ஆனா அந்தப் பாதியில என் பேரை வெட்டுங்க. எங்க அண்ணனுக்கு இருட்டுல தனியா தூங்க பயம், எங்க அண்ணி இன்னும் கடலே பாத்ததில்ல."