டிக்கியிலிருந்து கடைசியாக இறங்குகிறவள்

தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரியில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா என்று யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. ராஸ் பெனலூனாவின் கார் விளம்பரம் டிவியில் வந்துவிட்டால் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னால் மரம் ஜோடிக்கிறவனை ஊர் அவசரக்குடுக்கை என்று சொல்லும். பாதிரியாரே விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் பிரசங்கம் எழுத உட்காருவார் என்று கேள்வி.

விளம்பரம் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ராஸின் கடை முற்றத்துக்குள் அந்த வருஷத்துப் புது வண்டி சீறிக்கொண்டு வந்து நிற்கும். கதவுகள் திறக்கும். முதலில் ராஸ், பிறகு மகன் கிம், மகள் டான்யா, அப்புறம் நாய், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், ஒரு வருஷம் ஒரு செம்மறியாடு, இன்னொரு வருஷம் டியூபா வாத்தியத்தோடு ஒரு பாண்டுக்காரர் என்று இறங்கிக்கொண்டே இருப்பார்கள். அதற்குள் எப்படித்தான் அத்தனை பேர் இருந்தார்களோ! எல்லாரும் இறங்கியாயிற்று என்று நினைக்கும்போது டிக்கி திறக்கும். உள்ளேயிருந்து ராஸின் மனைவி லினெட், சிவப்புத் தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக எழுந்து, "எல்லாருக்கும் இடமிருக்கு!" என்று கூவுவாள். முட்டையை உடைத்தால் தரையில் விழுவதற்குள் ஆம்லெட் ஆகிவிடுகிற டிசம்பர் வெயிலில், கம்பளிச் சட்டை.

முப்பது வருஷமாக டிக்கி லினெட்டுக்கு. மற்றதெல்லாம் மாறியது. முதலில் நீள வால் ஸ்டேஷன் வேகன்; அது இல்லாதவனை அப்பன் என்றே ஊர் ஒப்புக்கொள்ளாத காலம். பிறகு ரொட்டிக்குச் சக்கரம் வைத்தாற்போல ஏழு பேர் உட்காரும் வேன் வந்தது. வந்த வேகத்தில், அதை ஓட்டுகிற அம்மாக்கள் பள்ளிக்கூட வாசலில் முகத்தை மறைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். பிறகு பாலைவனத்தையே கடக்கும் என்று சொல்லி விற்ற நெட்டை வண்டிகள். அவை கடந்தது சூப்பர் மார்க்கெட்டின் வேகத்தடையைத்தான். இப்போது இரட்டைக் கேபின் பிக்கப். நேற்றுவரை ஆட்டையும் சிமெண்டையும் சுமந்த வண்டியில் இன்று பல் டாக்டர் பிள்ளையைப் பாலே வகுப்புக்குக் கூட்டிப் போகிறார். வண்டி வருஷத்துக்கு வருஷம் ஊதிக்கொண்டே போனது. குடும்பம்தான் சுருங்கியது. கிம் மேற்கே சுரங்கத்துக்குப் போனான், டான்யா மெல்போர்னுக்குப் போனாள். போன வருஷ விளம்பரத்தில் இறங்கிய 'குடும்பம்' பாதிக்குமேல் ராஸின் கடை மெக்கானிக்குகள்.

போன வருஷம் நடந்த இன்னொன்று ஊருக்குத் தெரியாது. பிக்கப்புக்கு டிக்கி ஏது? பின்னால் தொட்டிதான். அதன் மேல் இரும்பு மூடி. பூட்டினால் வெளியிலிருந்துதான் திறக்க முடியும். லினெட் உள்ளே படுத்தாள், மூடினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் வந்தார். ராஸ் பேரத்தில் இறங்கினான். விலை படிந்து, கை குலுக்கி, காபி குடித்து அந்த ஆளை அனுப்பிவிட்டுத் திரும்பியபோதுதான், முற்றத்தில் எதையோ வைத்துவிட்டு வந்த நினைப்பு வந்தது.

லினெட் வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். விளம்பரத்துக்காக எழுந்து நின்று சிரித்தபடியே கூவவும் செய்தாள். ஜனவரி பிறந்ததும் மூன்டாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

"அக்காவுக்கு முட்டி ஆபரேஷன்" என்று ராஸ் ஊருக்குச் சொல்லி வைத்தான். அடுத்த நவம்பர் ஆகியும் அந்த முட்டி ஆறவில்லை. "ஒட்டகத்துக்கு முட்டி மாத்தியிருந்தாகூட இந்நேரம் ஓடியிருக்கும்" என்று மதுக்கடையில் சிரித்தார்கள். ராஸும் கூடவே சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் டிவியை எல்லா அறைக்கும் கேட்கிற மாதிரி அலறவிட்டு உட்கார்ந்திருப்பான்.

டிசம்பர் பிறந்ததும் மெல்போர்ன் தலைமை அலுவலகத்திலிருந்து விளம்பரப் பிரிவுப் பெண் சாஷா கூப்பிட்டாள்.

"ராஸ், இந்த வருஷம் குடும்பத்தைத் தூக்கிடுங்க."

"தூக்கிட்டு?"

"நாங்களே ஒரு படம் எடுத்திருக்கோம். மலை உச்சி, ஒரு ஆள், ஒரு நாய், ஒரு வண்டி. அவ்வளவுதான். ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாச்சு. இந்த வண்டிய குடும்பத்துக்காகத்தான் வாங்கறாங்க. ஆனா விளம்பரத்துல குடும்பத்தைக் காட்டினா வாங்க மாட்டேங்கறாங்க."

"என்கிட்டயும் நாய் இருக்கு. மேடு ஏறினா வாந்தி எடுக்கும்."

"விளையாடாதீங்க. சனிக்கிழமைக்குள்ள உங்க படம் வரலன்னா மலைப் படம்தான் ஓடும்."

அவள் அனுப்பிய படத்தை ராஸ் போட்டுப் பார்த்தான். மலை உச்சியில் தன்னந்தனியாக நின்று ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். ராஸ் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தான். ராஸும் இந்த வருஷம் முழுக்கத் தன்னந்தனிதான். அப்படியொன்றும் சிரிப்பு வரவில்லை. குடும்ப விளம்பரம் ஒரு வருஷம் நின்றால் ஊர் கேட்கும். ஊர் கேட்டால் முட்டி அம்பலமாகும். அம்பலமானால், அவள் போய்விட்டாள் என்பது நிஜமாகிவிடும். விளம்பரத்துக்கு வந்துவிட்டாளானால், அப்படியே வீட்டுக்கும் வந்துவிடுவாள். இப்படிக் கணக்குப் போட்டு அன்று மதியமே மூன்டாவுக்கு வண்டியை விட்டான்.

அக்கா வீட்டு வாசலில் ஒரு குட்டிச் சிவப்புக் கார் நின்றது. பின் கண்ணாடியில் ராஸின் ஜென்ம விரோதியான வாலரூ ஊர்க் கார் வியாபாரியின் ஸ்டிக்கர். ராஸுக்கு நெஞ்சை யாரோ ஸ்பானர் போட்டுத் திருகின மாதிரி இருந்தது. லினெட் தோட்டக் குழாயோடு வந்தாள்.

"இது என்னது?"

"கார்."

"இதுவா? யாரோ துவைச்சுப் போட்டதுல சுருங்கிப்போன மாதிரி இருக்கு."

"எனக்குப் போதும்."

"டிக்கியே இல்லையே லின்!"

"அதுக்காகத்தான் வாங்கினேன்."

ராஸ் தொப்பியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். "வீட்டுக்கு வந்துடேன்."

"எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு நூறு பதில் இருந்தது. முப்பது வருஷம் வண்டி விற்ற நாக்கு, நூற்றியோராவதைத் தேடிப் பிடித்தது. "சனிக்கிழமை படப்பிடிப்பு இருக்கு."

லினெட் குழாயை மூடினாள். "டிக்கியில யாரு?"

"ஊரு உன்னைத்தானே எதிர்பார்க்குது."

"ராஸ், போன வருஷம் நான் உள்ள இருந்து தட்டினேன்."

"வெளிய ஒரே சத்தம் லின். எனக்கு எப்படிக் கேக்கும்?"

"கேக்கலையா? நான் தட்டினேன். நீ மேல இருந்து பதிலுக்கு ரெண்டு தட்டு தட்டி, 'பாத்தீங்களா, எவ்வளவு கெட்டி'ன்னு அந்த ஆள்கிட்ட சொன்ன. நான் எவ்வளவு நேரம் உள்ள இருந்தேன்னு நினைக்கிற?"

"என்ன, ஒரு அஞ்சு நிமிஷம் இருக்குமா?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால்கூட ராஸ் தாங்கியிருப்பான். மெதுவாகச் சாத்தினாள்.

சனிக்கிழமை காலையில் ராஸ் அடுத்த பிழையைச் செய்தான். பேக்கரி வென்டியை வரவழைத்து, லினெட்டின் சிவப்புத் தொப்பியை அவள் கையில் கொடுத்தான். கேமராக்காரர் தயார். கடையின் விற்பனை ஆளும் ராஸின் பழைய சினேகிதனுமான கோல், தொட்டி மூடியின் சாவியோடு நின்றான்.

வென்டி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைப் போட்டா நான் லினெட் ஆயிடுவேனா? காலைல இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நான்தான் கறி அடைச்ச பாஸ்டி எடுத்துக் குடுக்கறேன். மீதிப் பேரு மத்தியானம் வர்றாங்க."

"முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கிட்டா போதும் வென்டி. யாரு உத்துப் பாக்கப் போறா?"

"லினெட் பாத்துடுவா."

கோல் இருமினான்.

"சரி, முதல்ல நீங்க படுத்துக் காட்டுங்க" என்றாள் வென்டி. "மூடிக் காட்டுங்க. எப்படி இருக்குன்னு பாத்துட்டு அப்பறம் சொல்றேன்."

வியாபாரத்தில் செய்து காட்டச் சொன்னால் மாட்டேன் என்று ராஸ் சொன்னதே இல்லை. ஒரு முறை காருக்கு அடியில் படுத்துக்கொண்டு தன் மேலேயே ஓட்டவிட்டுக் காட்டியவன். ஏறிப் படுத்தான். கோல் மூடியை இழுத்துப் பூட்டினான்.

முதலில் இருட்டு. பிறகு சூடு. சூடு என்றால், ஊர் ஈய ஆலையின் உலையைக் கொண்டுவந்து மாரில் வைத்துத் தைத்தாற்போல. இரும்பில் முழங்கை பட்டுச் சுரீரென்றது. "போதும் கோல்" என்றான். வெளியே ஏதோ கார் வந்து நிற்கும் சத்தம். கோல் யாருக்கோ வணக்கம் சொல்லும் சத்தம்.

"கோல்!"

குரல் மூடியில் முட்டி அவன் முகத்திலேயே விழுந்தது. தட்டினான். மறுபடி பலமாகத் தட்டினான். மேலே காலடிகள் நெருங்கின. ஒரு பெரிய உள்ளங்கை மூடியின் மேல் படீர் படீரென்று இரண்டு தட்டுத் தட்டியது.

"பாத்தீங்களா, எவ்வளவு கெட்டி!" என்றது கோலின் குரல், ராஸ் கற்றுக்கொடுத்த அதே ராகத்தில். "பொண்டாட்டியையே உள்ள வச்சுப் பூட்டலாம்!"

இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் ராஸ் கற்றுக்கொடுத்ததுதான். அவன் தட்டுவதை நிறுத்தினான். வேர்வை கண்ணில் இறங்கிற்று. வேர்வைதான் என்று அவன் பிற்பாடு சொல்லிக்கொண்டான்.

மூடி திறந்தபோது வானம் வெள்ளையாக இருந்தது. வென்டி கையில் சாவி. பக்கத்தில் கோல், பிடுங்கப்பட்ட கையைத் தடவிக்கொண்டு நின்றான். ராஸ் எழுந்து உட்கார்ந்தான். வேகவைத்த நண்டு தோற்கும் நிறம்.

"எவ்வளவு நேரம் ஆச்சு? அரை மணியா?"

"அஞ்சு நிமிஷம்" என்றாள் வென்டி. "கடிகாரத்தப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். நீங்க அக்கா முட்டின்னு கதை விட்டப்பவே லினெட் எனக்கு ஃபோன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டா."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற கேமராவை நிறுத்தும்படி கேமராக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. "வசனம்?" என்று பழக்கதோஷத்தில் கேட்டார்.

ராஸ் வாயைத் திறந்தான். எல்லாருக்கும் இடமிருக்கிறது என்று சொல்ல வரவில்லை. கேமராவைப் பார்த்தான்.

"லின், நீ தட்டினது எனக்குக் கேட்டுச்சு" என்றான்.

அதற்கு மேல் எதுவும் எடுக்கவில்லை. "இதையேவா அனுப்பறது?" என்று கேமராக்காரர் கேட்டதற்கு, "இதையேதான்" என்று சொல்லிவிட்டுத் தோட்டக் குழாயின் கீழ் தலையை நீட்டினான்.

கிரிக்கெட்டின் நடுவே அது ஓடியது. வண்டி சீறவில்லை, ஆடு இறங்கவில்லை. தொட்டியிலிருந்து நனைந்த சட்டையோடு ஓர் ஆள் எழுந்து ஒற்றை வாக்கியம் சொன்னான், முடிந்தது. மதுக்கடையில் விக்கெட் விழுந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை என்கிறார்கள். சாஷா மெல்போர்னிலிருந்து அலறிய அலறலுக்கு ஃபோனே தேவைப்பட்டிருக்காது. முட்டியைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் ராஸுக்குப் பயமாக இருந்தது. மூன்டாவிலிருந்து அழைப்பும் இல்லை.

புதன்கிழமை மதியம் குட்டிச் சிவப்புக் கார் முற்றத்துக்குள் வந்து நின்றது. எஞ்சினை அணைக்காமல் லினெட் கண்ணாடியை இறக்கினாள்.

"டிவில சொன்னது நிஜமா, வியாபாரமா?"

"நிஜம்."

"கேட்டும் ஏன் திறக்கல?"

ராஸ் தரையைப் பார்த்தான். "அந்த ஆளு விலைக்கு ஒத்துக்கற நேரம். நீ எங்க போயிடப் போறன்னு நினைச்சேன்."

லினெட் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்துக் கதவை உள்ளிருந்து தள்ளித் திறந்தாள். "ஏறு."

ஆறடி இரண்டங்குல ராஸ் தன்னை மூன்றாக மடித்து உள்ளே நுழைத்தான். முழங்கால் காதை உரசியது. எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. கார் வீட்டுத் தெருவைத் தாண்டிப் போய், வென்டியின் பேக்கரி எதிரே, கொஞ்சமும் நிழல் இல்லாத இடமாகப் பார்த்து நின்றது.

"இரு" என்று சொல்லிவிட்டு லினெட் உள்ளே போனாள்.

கண்ணாடி வழியே தெரிந்தது: வென்டி தட்டில் பாஸ்டி வைத்தாள். லினெட் உட்கார்ந்தாள். தக்காளி சாஸ் பாட்டிலை எடுத்து, சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். இருவரும் பேசினார்கள். சின்னதாக ஒரு கடி கடித்துவிட்டு, லினெட் மறுபடி பேசினாள்.

கார் கதவு பூட்டியிருக்கவில்லை. கைப்பிடி ராஸின் விரலுக்கு ஓரங்குலத்தில்தான் இருந்தது. தெருவில் போகிறவர்கள் குனிந்து பார்த்து, "என்ன ராஸ், உள்ள மாட்டிக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சட்டை முதுகோடு ஒட்டியது.

ராஸ் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் கடிக்கும் அடுத்த கடிக்காகக் காத்திருந்தான். பாஸ்டி இன்னும் முக்கால்வாசி இருந்தது.