இரண்டாம் சேனல்

அப்பாவின் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணி நெகிழ்ந்திருந்தது. மஞ்சுஷா அதை இறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் சூப்பர்வைசர் சுதர்ஷன் வந்தான். ஒரு கையில் மாலை, மறு கையில் காகிதம். சாவு வீட்டுக்குக் கையெழுத்து வாங்க வருகிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கின் பின்வாசலில் பதினோரு வருஷம் காவல் நின்றவர் அய்யாசாமி. நேற்று மத்தியானம் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மூன்று மணி நேரம் கழித்துத்தான் பார்த்தார்கள். அவர் வாக்கிடாக்கியில் யாரையும் அழைக்கவில்லை, ஆகவே கம்பெனிமேல் தப்பில்லை என்றது காகிதம்.

"கூப்பிட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல ஆள் போயிருக்கும். அம்மாவ ஒரு ஒப்பு போடச் சொல்லு மஞ்சுஷா. அப்பிடியே அந்த வாக்கிடாக்கி செட்டையும் தந்துரு."

அம்மா காளியம்மை பேனாவை வாங்கிவிட்டாள். நேற்றிலிருந்து யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்கிறாள். மஞ்சுஷா அதைப் பிடுங்கினாள். அப்பாவாவது, கூப்பிடாமல் இருப்பதாவது! தலைவலி என்றாலே தெருவைக் கூட்டுகிற மனுஷன்.

வாசலில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் வெகுநேரமாக நின்றிருந்தான். பெயர் அப்பு, கிடங்குக்கு அடுத்த கல்யாண மண்டபத்தில் வண்டி நிறுத்த இடம் காட்டுகிறவன். இடுப்பில் அவனுக்கும் ஒரு செட். சுவரில் ஒட்டியிருந்த மரண போஸ்டரில் பெயரைப் பார்த்து வந்தானாம்.

"நான் கேட்டேன் சேச்சி. 'அய்யாசாமியாக்கும், நெஞ்சு வலிக்குது'ன்னு நாலு தடவ வந்தது. ரெண்டாம் சேனலு, எங்களோடது. கல்யாணத் திரக்கு, ஒரே கூட்டம். யாரோ வெளையாடறாங்கன்னு நெனச்சு, சேனல மாத்துங்க சேட்டான்னு நான்தான்..."

சுதர்ஷன் தொண்டையைச் செருமினான். மண்டபத்துக்காரர்களின் இரைச்சல் தாங்காமல் நேற்றுக் காலைதான் கிடங்குக்காரர்கள் ஏழாம் சேனலுக்கு மாறினார்களாம். முன்வாசல்காரர்களிடம் நேரில் சொன்னானாம். பின்வாசலுக்கு வாட்ஸப் குரூப்பில் போட்டானாம்.

மஞ்சுஷா உள்ளே போய், நேற்று சாயங்காலம் கம்பெனி ஆள் கொடுத்துவிட்டுப் போன அப்பாவின் போனை எடுத்துவந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். மெசேஜ் இருந்தது. காலை பத்து பத்து.

"எட்டு மணிக்கு கேட்டுல போனெல்லாம் வாங்கிப் பெட்டியில வச்சுப் பூட்டறது நீங்க. பூட்டின போனுக்கு மெசேஜ் அனுப்பினா யார் சாரே படிப்பா? பின்வாசல் வரைக்கும் நடக்க ஒங்களுக்குக் கால் இல்லியா?"

அவன் காகிதத்தை மடித்தான். அப்படி எல்லாம் இல்லை, ஆபீஸில் பேசிக்கொள்ளலாம், இப்போதைக்கு செட்டைத் தந்தால் போதும் என்றான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிப்பையிலிருந்து மஞ்சுஷா செட்டை எடுத்தாள். சேனல் குமிழ் இன்னும் இரண்டில்தான் நின்றது. அவள் அதை அவனிடம் கொடுக்கவில்லை. பொத்தானை அழுத்தி வாயருகே வைத்துக்கொண்டாள்.

"அய்யாசாமியாக்கும். கேக்குதா?"

அப்புவின் இடுப்பிலிருந்து முற்றம் முழுக்கக் கேட்டது. சுதர்ஷன் இடுப்பிலிருந்த செட்டில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கயிற்றை விட்டுவிட்டு அந்த இடுப்பையே பார்த்தார்கள். அவன் கை தானாகக் குமிழுக்குப் போய், பாதியில் நின்றது.

காளியம்மை தலையைத் தூக்கினாள். நேற்றிலிருந்து அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

"இன்னொரு தடவ கூப்பிடு" என்றாள்.

மஞ்சுஷா மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.