ஆறு விரல் நேரம்

ஆம்பூரில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பிழைத்தார்கள். தானியேல் ஒருவன்தான் மூக்கைத் திறந்து வைத்துப் பிழைத்தான். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறுகிற ஆட்டுத்தோலை ஒரு தடவை முகர்ந்தால் போதும், இன்னும் எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று சொல்லிவிடுவான். கெமிஸ்ட்ரி படித்து வந்தவர்கள் கண்ணாடிக் குழாயை ஆட்டி ஆட்டிப் பார்த்து அதே பதிலைச் சொல்வதற்குள், இவன் டீ குடித்துவிட்டு கிளாசையும் கழுவி வைத்திருப்பான். ‘மூக்கு தானியேல்’ என்றால் பைபாஸ் வரைக்கும் தெரியும்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் கொரோனா வந்து, ஆளை விட்டுவிட்டு மூக்கை எடுத்துக்கொண்டு போனது. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மாதத்தில், இரண்டு மாதத்தில் வாசனை திரும்பியது. இவனுக்குத் திரும்பவில்லை. மீன் குழம்பும் மண்ணெண்ணெயும் ஒன்றாகிப்போயின. அவன் வேலை செய்த தோல் பதனிடும் டேனரியின் மேனேஜர் வாஹித் பாஷா நல்ல மனிதர், வெளியே அனுப்பவில்லை; ‘சேஃப்டி சூப்பர்வைசர்’ ஆக்கினார். தோல் தொழிலில் அந்தப் பதவி, கல்யாண மண்டபத்தில் செருப்புக்குக் காவல் இருப்பது மாதிரி. ஒரு மஞ்சள் ஹெல்மெட், ஒரு நோட்டு, விஷ வாயுவை அளக்க உள்ளங்கை அளவில் ஒரு கேஸ் மீட்டர், ராணிப்பேட்டையில் இரண்டு நாள் பயிற்சி. அவ்வளவுதான்.

தானியேலின் அப்பா யோவான் பச்சைத்தோல் தரகர். சந்தையில் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை முழுதாக அமுக்கினால் ஐந்து. வாய் ஊர்க்கதை பேசும், கை விலை பேசும். கடைசியில் எதிராளி உதறாமல் இறுக்கிப் பிடித்துவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை, ஆனால் பேச்சு மாறக்கூடாது. மாறியவனுக்கு மறுவாரச் சந்தையில் யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

அந்த வீட்டில் வளர்ந்தவன் கர்த்தரிடம் மட்டும் வேறு எப்படிப் பேசுவான்? கிறிஸ்துமஸுக்குள் மூக்கு வந்துவிட்டால் சபைக்குப் புதுப் பாய்கள் என்றான். வரவில்லை. ஈஸ்டருக்குள் என்றால் பாயோடு நாலு ஃபேன். அதற்கும் அசைவில்லை. பிறகு உபவாசம், அதற்கு மேல் இன்னொரு உபவாசம். இவன் ஏற்றிக்கொண்டே போனான். எதிர்ப்பக்கம் ஒரு விரலைக்கூடத் தொடவில்லை. புத்தாண்டு ஆராதனையில் தட்டில் கவிழ்த்து வைத்த வாக்குத்தத்த அட்டைகளில் ஆளுக்கொன்று எடுப்பார்கள். அந்த ஆண்டுக்கு ஆண்டவர் தந்த வசனம் அது. நாலு வருஷமாக இவன் கைக்கு வந்தது நாலுமே காத்திரு, பொறுத்திரு வகையறா.

“எனக்குன்னே தனியா அச்சடிச்சி வெச்சிருக்காங்க போல,” என்றான் மனைவி தமிழினியிடம்.

“தேதி போட்டுக் கேட்டா அப்படித்தான் ஆவும். அவரு இன்னா உங்க நைனாவோட பார்ட்டியா, நீங்க சொல்ற கெடுவுக்குச் சரக்கு எறக்க?” என்றாள் அவள்.

அந்த வியாழக்கிழமை காலையில் காற்று செத்துக் கிடந்தது. முந்தின நாள் மழையில் நனைந்த சுவர்களிலிருந்து ஆவி எழுந்து, போக இடமில்லாமல் முற்றத்திலேயே நின்றது. டேனரியின் பின்புறம் கழிவுத் தொட்டி. பத்தடி ஆழம், மேலே ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இரும்பு மூடி. தோல் ஊறுகிற டிரம்களிலிருந்து வரும் கழிவையெல்லாம் அங்கிருந்து வெளியே தள்ளுகிற பம்ப், வாயில் சதையும் மயிரும் அடைத்து நின்றுவிட்டது. பம்ப் ஓடாமல் டிரம்மைத் திறந்தால் கழிவு தெருவுக்கு வரும். திறக்காவிட்டால் உள்ளே இருக்கிற மூவாயிரம் ஆட்டுத்தோல், பகல் பன்னிரண்டு தாண்டினால் கூழ்.

இறங்கி அடைப்பை எடுக்க மதியழகன் தயாராக நின்றான். மறுநாள் அவன் மகளுக்குக் காதுகுத்து. அரை நாள் லீவ் சொல்லிவிட்டு, ஊருக்குப் போக பன்னிரண்டரை பஸ்ஸைக் குறிவைத்துப் புதுச் சட்டையில் வந்திருந்தான். அதைக் கழற்றிப் பக்கத்துக் குழாயில் மாட்டினான். கழுத்து மடங்கி, கைகள் தொங்கி, அது அங்கே ஓர் ஆள் போலவே நின்றது.

மூடியைத் திறந்ததும் எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். “அழுகின முட்டடா சாமி!” தானியேலுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் நாற்றத்தைத் தெரிந்துகொண்டான். மதியழகன் நீளமான மூங்கிலை விட்டுக் கிளறிப் பார்த்தான். அடியில் சகதி ‘பொளக்’ என்றது. கால் மணி நேரம் கிளறியும் அடைப்பு அசையவில்லை. மூங்கிலைப் போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினான்.

“காத்து போய்டுச்சிண்ணா. இப்ப நாத்தமே இல்ல. கயித்தக் கட்டு, எறங்கறேன்.”

அவன் கண் இரண்டும் சிவந்திருந்தன. தானியேல் மூடியின் விளிம்பைப் பார்த்தான். டேனரியில் ஈ உட்காராத இடம் என்று ஒன்று கிடையாது. சாப்பாட்டு டப்பாவில், சாமி படத்தில், பேசுகிறவன் உதட்டில் உட்காரும். அந்த விளிம்பைச் சுற்றி ஒரு முழத்துக்கு ஒரு ஈ இல்லை.

ராணிப்பேட்டையில் பயிற்சி கொடுத்தவர் சொன்ன ஒரே ஒரு விஷயம்தான் அவனுக்கு நினைவில் தங்கியிருந்தது. கழிவில் கிளம்புகிற அந்த விஷ வாயு அதிகமானால் முதலில் மூக்கை மரத்துப்போக வைக்கும். நாறுகிற வரைக்கும் பயப்படு. நாறுவது நின்றால் ஓடு. மீட்டர் சொல்லாமல் யாரையும் இறக்காதே. அவனுடைய மீட்டர் போன வாரமே செத்துவிட்டது. வேறு வேண்டும் என்று எழுதிக்கொடுத்த தாள் ஆபீசில் தூங்கிக்கொண்டிருந்தது. பம்ப் நின்றதுமே ராணிப்பேட்டை நண்பனைக் கெஞ்சி, ஒரு மீட்டரை எடுத்துவர வேன் டிரைவர் ஷோயபை அனுப்பியிருந்தான்.

தானியேல் மூடியை இழுத்துத் தொட்டியின் மேல் போட்டான். அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

“ண்ணா, இன்னாண்ணா இது? கோழி அடைகாக்கற மாதிரி?”

“மீட்டர் வரட்டும் மதி.”

“எனக்குப் பஸ்ஸு போய்டும்ண்ணா!”

சேதி போய் வாஹித் பாஷா வந்தார். வெள்ளை வேட்டியின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி, கழிவு ஓடிய தடங்களைத் தாண்டித் தாண்டி வந்தார். “இன்னா தானியேல், பேஜார் பண்றே? எல்லாரும் நாத்தம் போச்சிங்கறாங்க. உனக்குத்தான் மூக்கே இல்லியே, உனக்கின்னா தெரியும்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தானியேலும் கொஞ்சம் சிரித்தான்.

“அதான் பாய் பயமா இருக்குது.”

“பன்னண்டு மணிக்கி மேல மூவாயிரம் தோல எங்க கொண்டுபோய்ப் பொதைப்பே? முதலாளிக்கி நீ பதில் சொல்லுவியா?”

“மீட்டர் வர்ற வரைக்கும் டைம் குடு பாய்.”

டைம் கேட்டதும் வாஹித் பாஷாவின் முகம் கொஞ்சம் இளகியது. பேரம் என்றால் அவருக்கும் ரத்தத்தில் ஊறியது. அவர் அப்பாவும் யோவான் தரகரும் ஒரே சந்தையில் கை கொடுத்தவர்கள். தோளிலிருந்த துண்டை எடுத்தார். “கை குடு. விரலுக்குப் பத்து நிமிஷம்.”

துண்டுக்கு அடியில் இரண்டு கைகளும் நுழைந்தன. வாஹித் பாஷா ஒரு விரலைப் பிடித்தார். தானியேல் உதறிவிட்டு அவர் கையை முழுதாக அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கி, மேலே இரண்டு விரலைப் பிடித்தான். இரண்டு மணி நேரம். “அடப்பாவி, மதியம் பிரியாணியும் இங்கயே வெச்சிக்கலாமா?” என்றார் பாய், வாயால். கையால் மூன்று விரல். இவன் பத்து. அவர் நாலு. ஷோயப் கிளம்பின நேரத்தைத் தானியேல் மனதுக்குள் கணக்கிட்டான். வேலூர், பள்ளிகொண்டா, டோல்கேட். ஒரு மணி நேரம் தாராளம். கையை அமுக்கி, மேலே ஒரு விரலைப் பிடித்தான். ஆறு. பாய் இறுக்கிப் பிடித்தார்.

“பத்து நாப்பது. பதினொண்ணு நாப்பதுக்கு எழுந்துரணும். பேச்சு மாறக்கூடாது.”

“மாற மாட்டேன் பாய்.”

நல்ல பேரம் என்றுதான் தானியேலுக்கும் தோன்றியது. பத்து நிமிஷத்துக்கு வந்த ஆளை ஆறு மடங்கு ஏற்றியிருக்கிறான். அப்பா இருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

பதினொன்று இருபதுக்கு ஷோயப் போன் செய்தான். பின்னால் ஹாரன்கள் கத்தின. “அண்ணே, பள்ளிகொண்டாகிட்ட லாரி கவுந்துருக்குது. முன்னாலயும் போவ முடியல, பின்னாலயும் வர முடியல.”

“எப்ப நகரும்?”

“தெரியலண்ணே.”

அப்போதுதான், வெயிலில் சுட்ட இரும்பின் மேல் உட்கார்ந்திருந்த தானியேலுக்குள் குளிர் இறங்கியது. ஒரு மணி நேரத்தை வாங்கினேன் என்று நினைத்திருந்தான். உண்மையில் ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் மதியழகனை இறக்கலாம் என்று விற்றிருக்கிறான். துண்டுக்கு அடியில், இறுக்கிப் பிடித்து.

மூடிக்குக் கீழே ‘பொளக்’ என்றது. கொஞ்சம் பொறுத்து, மறுபடியும்.

அவனுக்கு இன்னொன்றும் தோன்றியது, அதுதான் இன்னும் மோசம். பழைய மூக்கு இருந்திருந்தால் இப்போது என்ன செய்திருப்பான்? குனிந்து, ஒரு தடவை முகர்ந்து, நாற்றம் போய்விட்டது என்று கண்டு, ஊரே நம்புகிற தன் வாயால் ‘எறங்குடா’ என்று சொல்லியிருப்பான். இதே தொட்டியில், இதே வாயால், எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். இறங்கியவர்கள் உயிரோடு மேலே வந்தது இவன் மூக்கால் அல்ல. நாலு வருஷமாக எதைத் திருப்பித் தா என்று இவன் விலை ஏற்றிக்கொண்டே போனானோ, அதைக் கொடுக்காமல் வைத்திருந்தவர் எதற்காக வைத்திருந்தார் என்று நினைத்ததும் மூடியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

ஆண்டவரே என்று கண்ணை மூடினான். வழக்கம்போல் அடுத்த வார்த்தை ஒரு தேதியாகவோ ஒரு விலையாகவோ வரவேண்டும். வரவில்லை. கையில் ஒன்றும் இல்லை. உங்க நேரத்துக்கு வரட்டும், அதுவரைக்கும் என்னை இங்கே உட்காரவைங்க என்றான்.

பதினொன்று நாற்பதுக்கு வாஹித் பாஷா வந்து நின்றார். கையில் கடிகாரம் கட்டியிருந்தும் அதைப் பார்க்கவில்லை. மதியழகன் இடுப்பில் கயிற்றைக் கட்டி முடித்திருந்தான்.

“எழுந்துரு.”

“மாட்டேன் பாய்.”

கூட்டம் சிரிக்கவில்லை. ஒருவன் ‘ச்சே’ என்றான். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

“உங்க நைனா துண்டுக்கு அடியில குடுத்த வாக்க ஒரு தடவ மாத்தினதில்ல, தெரியுமா? அவரு பேரையும் சேத்துக் கெடுக்கறே.”

“எங்க நைனா தோலுக்குப் பேசினாரு பாய். நான் ஆளுக்குப் பேசிட்டேன். தப்பு என்னுதுதான்.”

“நாளையில இருந்து வேலைக்கி வராதே.”

“சரி பாய். இன்னிக்கி இருக்கேன்ல.”

மதியழகனுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. “ண்ணா, எழுந்துருண்ணா! எம் பொண்ணு காதுகுத்துண்ணா!” தோளைப் பிடித்து இழுத்தான். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். தானியேல் மூடியின் கைப்பிடிக்குள் கையை நுழைத்துப் பூட்டிக்கொண்டான். இரும்பு மணிக்கட்டை அறுத்தது. எவ்வளவு நேரம் இழுத்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. ஹெல்மெட் உருண்டு போனது, சட்டை கிழிந்தது. “விடுங்கடா, அடிபட்டுடப் போவுது,” என்று கடைசியில் பாய்தான் கத்தினார். பன்னிரண்டு மணிச் சங்கின் சத்தம் எல்லோரையும் தாண்டிப் போனது. மூவாயிரம் தோலும் அதோடு போயின.

பன்னிரண்டு பத்துக்கு ஷோயப் ஓடிவந்தான். மீட்டரைக் கயிற்றில் கட்டினார்கள். மூடியை ஒரு சாண் மட்டும் விலக்கி, எல்லோரும் தள்ளி நிற்க, தானியேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை விட்டான்.

மூன்றடி போகவில்லை. மீட்டர் அலறியது.

நாலடிக்கு அந்த அலறல் ஒரே கீச்சாக நீண்டது. மேலே இழுத்துப் பார்த்தபோது திரையில் எண்ணே இல்லை. மீட்டர் காட்டக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது என்பதற்கான குறி மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. தானியேல் மூடியைத் தள்ளி மூடினான். மீட்டர் அவன் கையில் இன்னும் கத்திக்கொண்டே இருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தெரியவில்லை.

மதியழகன் இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். விரல்கள் ஒத்துழைக்கவில்லை.

“வாசனையே இல்லியேண்ணா,” என்றான். “சத்தியமா இல்லியே.”

“எனக்கும் இல்லடா. நாலு வருஷமா இல்ல.” தானியேல் முடிச்சை அவிழ்த்து, குழாயில் தொங்கிய சட்டையை எடுத்து அவன் மேல் போட்டான். “போ. மொதல்ல டாக்டர்கிட்ட கண்ணக் காட்டு. அப்புறமா பஸ்ஸு.”

அவனை வேனில் ஏற்றிக்கொண்டு ஷோயப் போனான். கூட்டம் ஒவ்வொருவராகக் கழன்றது. வாஹித் பாஷா மட்டும் நின்றார். பக்கத்தில் வந்து, துண்டை எடுத்து, தானியேலின் காயம்பட்ட கையின் மேல் போட்டு, அடியில் தன் கையை விட்டார். எந்த விரலையும் பிடிக்கவில்லை. அவர் கை இவன் கையின் மேல் கிடந்தது, அவ்வளவுதான். பிறகு எடுத்துக்கொண்டார். நாளை வரலாமா கூடாதா என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

“சகதி உறிஞ்சற லாரிக்கிப் போன் போட்டுட்டேன்,” என்றார் வேறெங்கோ பார்த்தபடி. “வாணியம்பாடியில இருந்து வரணும்.”

“எப்ப வருமாம்?”

“சொல்ல மாட்டேங்கறான். பேசி ஒரு டைம் வாங்கட்டுமா?”

இரண்டாம் ஷிஃப்ட் ஆட்கள் கேட்டில் நுழைந்துகொண்டிருந்தார்கள். காலையில் நடந்தது எதுவும் தெரியாதவர்கள். தானியேல் ஹெல்மெட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் மூடியின் மேல் உட்கார்ந்தான்.

“வேணாம் பாய். வர்றப்ப வரட்டும்.”

கீழே ‘பொளக்’ என்றது.