பின்சீட்டில் பெட்ரோல் வாடை

பழைய காருக்குள் பெட்ரோல் வாடை வர ஆரம்பித்தால், பின்சீட்டு நாளுக்குப் பதினைந்து அடி பின்னால் போகும். பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். நான்தான் அசட்டையாக விட்டுவிட்டேன்.

பின்சீட்டில் என் மனைவி அமிர்தவேணி உட்கார்ந்திருந்தாள்.

பொள்ளாச்சியில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போக ஏறியவள். கல்யாணம் முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பும் முடிந்துவிட்டது. வேணி அதே பட்டுச்சேலையில் இன்னும் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே இருந்து பார்த்தால் கார் பதினான்கு அடிதான். பின்கதவைத் திறந்தால் ஒரு ரப்பர் மிதியடியும் வாடையும் மட்டும் இருக்கும். முன்சீட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால்தான் வேணி தெரிவாள். கடுகளவு தெரிவாள். கடுகு முறைப்பதும் தெரியும்.

ஆயிரம் மீட்டரைத் தாண்டினால் பின்சீட்டு தனி வண்டி. தனி வண்டிக்குத் தனி நம்பர். அதில் இருப்பவர் எனக்கு யாரோ. சட்டம் அப்படி. அன்றைக்குச் சாயங்காலம் நான்கு மணிக்கு ஆயிரம் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நடந்து போய்க் கூட்டி வரலாமே என்பீர்கள். முயன்றேன். முப்பதாவது அடியில் கண் எரிந்தது. நாற்பதாவது அடியில் நான் பிறந்த ஊர் மறந்துவிட்டது. இன்றுவரை ஞாபகம் வரவில்லை. கார்மீது பறந்த மூன்று காக்கைகள் மயங்கி விழுந்தன. ஒன்று எழுந்ததும் மாடு மாதிரி கத்தியது. எதிர்வீட்டுக்குப் பால் ஊற்றுபவர் எங்கள் தெருவுக்குள் வரும்போது பாலே திரும்பிப் போனது. நான் எதையும் கூட்டிச் சொல்வதில்லை.

வேணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் பக்கத்து ஜன்னல் இறங்கியிருந்தது. அந்த ஜன்னலுக்கு வெளியே வேறு ஏதோ ஊர்.

சாப்பாட்டைத் தூக்குப்போசியில் வைத்து மிதியடி மேல் தள்ளிவிடுவேன். வழுக்கிக்கொண்டே போகும்.

"வேணி! தோசை வந்துச்சா?" என்று அன்றைக்கும் கத்தினேன்.

பதில் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"முந்தாநேத்து தோசை இப்பத்தான் வந்துச்சுங்க! கல்லாட்டம் இருக்குது! கார் உருளாம டயருக்கு அண்டை குடுக்க ஆவுமான்னு பாருங்க!"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை டாஷ்போர்டு அறைக்குள் வைத்துப் பூட்டினேன். அது உள்ளே இருந்து தட்டிக்கொண்டே இருந்தது.

மெக்கானிக் ஆறுச்சாமி வந்தார். சிங்காநல்லூரில் அவருக்கு ஒர்க்‌ஷாப். ஏழு மாதமாக அவர்தான் பார்க்கிறார். பெட்ரோல் குழாயை மாற்றினார். பம்பை மாற்றினார். கார்புரேட்டரை மாற்றினார். காரையே ஒரு முறை மாற்றிவிட்டு, மனது கேட்காமல் பழையபடி கொண்டுவந்து விட்டார். வாடை மட்டும் மாறவில்லை.

அவர் காருக்குள் தலையை நீட்டி மோந்தார்.

"பெட்ரோலுங்க சார்."

"அது எனக்கே தெரியுது. எங்க இருந்து?"

"உள்ள இருந்துங்க."

"ஏழு மாசமா இதத்தான்யா சொல்ற!"

"ஏழு மாசமா உள்ள இருந்துதானுங்களே வருது."

டாஷ்போர்டு அறை படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் அதை ஒரு பார்வை பார்த்தார். கேட்கவில்லை. நல்ல மனிதர்.

"கடைசியா ஒரு வழி இருக்குதுங்க. ஊதுபத்தி. கண்ணாடிய ஏத்திப்போட்டு எஞ்சின ஓட உடோணும். காத்து எங்க இழுக்குதோ, பொகை அந்தப் பக்கம் போயி ஓட்டையக் காட்டிக்குடுத்துரும்."

"பெட்ரோல் வாடைல ஊதுபத்தியா? வெடிக்காதா?"

"நாலு மணிக்கு மேல வெடிச்சா உங்களுக்கு என்னங்க, வெடிக்காட்டி என்னங்க?"

இதில் நியாயம் இருந்தது. எஞ்சினை ஓட விட்டோம். ஆறுச்சாமி ஊதுபத்தியைக் கொளுத்தி ஸ்டீயரிங்கில் செருகினார்.

புகை எழுந்தது. சுற்றும் முற்றும் பார்த்தது. மெதுவாகப் பின்பக்கம் நடந்து போனது. வெகுநேரம் கழித்து ஓர் இருமல் கேட்டது.

"இருக்கற நாத்தம் பத்தாதுன்னு இது வேறயா?" என்று வேணி கத்தினாள். "எனக்குக் கருமாதியே பண்றீங்களா?"

புகை பயந்து திரும்பி வந்தது. காருக்கு வெளியே இறங்கி, டிக்கி மேல் ஏறி உட்கார்ந்தது.

டிக்கியைத் திறந்தேன்.

உள்ளே வாடைப் பதிவு அலுவலகம் நடந்துகொண்டிருந்தது. ஸ்டெப்னி மேல் ஆறு பேர் காத்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். முன்னால் பெயர்ப்பலகை: புனிதவதி, வாடை அலுவலர்.

"டோக்கன்?" என்றார் புனிதவதி.

"இது என் டிக்கிங்க!"

"டிக்கி உங்களுது. ஆபீசு எங்களுது. டோக்கன்?"

"நாலு மணிக்கு என் சம்சாரம் எனக்கு இல்லாமப் போயிருவா. மணி இப்ப ரெண்டே முக்கால்."

"அப்ப அவசரப் படிவம். வாடையோட பேரு?"

"பெட்ரோல்."

"வயசு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"உங்க வீட்டு வாடைதானுங்களே? வயசு தெரியாம வளத்தீங்களா?"

ஸ்டெப்னியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மேஜையை ஓங்கிக் குத்தினேன். மேஜை என் காரின் அடித்தகடு. அதற்குக் கீழே பெட்ரோல் டேங்க். உள்ளே இருந்து யாரோ பெருமூச்சு விடத் தவிப்பது போல ஒரு சத்தம் வந்தது.

"குத்தாதீங்க" என்றார் புனிதவதி. "அதுக்கு ஏற்கெனவே மூச்சு முட்டுது. எத்தனையோ மனு குடுத்துப் பாத்துருச்சு. எல்லாம் உங்களுக்குத்தான் எழுதுனது."

"எனக்கு எதுவும் வரல."

"வாடையாத்தான் அனுப்புச்சு. அதுக்கு வேற எழுத்துத் தெரியாதுங்க."

ஆறுச்சாமி மெதுவாகத் தலையைச் சொறிந்தார்.

"சார், டேங்கு மூடில ஒரு ஊசி ஓட்டை இருக்கோணுங்க. டேங்கு அது வழியாத்தான் மூச்சு உடும். அது அடைச்சா, ஆவி வேற வழி தேடி வண்டிக்குள்ள பூந்துரும். அந்த மூடியப் பாக்கலியே நாம?"

"ஏழு மாசமா ஏன்யா பாக்கல?"

"அது மூடின்னே தெரியலீங்க சார். நான் ஏதோ கோயிலுன்னு நெனச்சேன்."

போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. மூடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜாண் உயரத்துக்குக் கோபுரம் மாதிரி சந்தனம். உச்சியில் குங்குமம்.

வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு நான்தான் பொட்டு வைப்பேன். ஸ்டீயரிங்குக்கு ஒன்று. விளக்குகளுக்கு ஒவ்வொன்று. பெட்ரோல் மூடிக்கு நட்டநடுவில் ஒன்று. துடைப்பது ஆகாது என்று பழையதன் மேலேயே வைப்பேன். நாற்பத்தொரு வருஷம்.

ஆறுச்சாமி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அசையவில்லை. திருப்புளி வளைந்தது.

"வெச்ச கைதான் எடுக்கோணும்" என்றார் புனிதவதி. அலுவலகமே ஜன்னலோடு இறங்கி வந்து பக்கத்தில் நின்றது. ஸ்டெப்னியும் ஆறு பேரோடு உருண்டு வந்தது.

கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். முதல் அடுக்கு பெயர்ந்து விழுந்தது. விழும்போது பேசியது. என் குரல்.

"பூசை நேரத்துல குறுக்கப் பேசாத."

அடுத்த அடுக்கு. "காரைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

அடுத்தது. "மில்லுல நானூறு பேர மேய்க்கறவன் நானு. எனக்குச் சொல்லித் தர்றியா?"

அடுத்தது. "வாய மூடிட்டுச் சூடத்தக் காட்டு."

சுரண்டச் சுரண்டக் குரலுக்கு வயது குறைந்தது. திமிர் குறையவில்லை. ஸ்டெப்னியில் ஒரு பெண் உச்சுக்கொட்டினாள். புனிதவதி ஒவ்வொன்றையும் படிவத்தில் எழுதினார். எனக்கு வந்த கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. சுற்றிப் பார்த்தேன். ஆறுச்சாமி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கிடைக்கவில்லை.

நடுவில் ஓர் அடுக்கு பேசாமல் விழுந்தது.

"இந்த வருசம் நான் ஒண்ணும் சொல்லல பாத்தீங்களா?" என்றேன்.

காருக்குள்ளே வெகுதூரத்தில் இருந்து வேணியின் குரல் வந்தது. "அந்த வருசம் சொம்பத் தூக்கி வீசுனீங்க!"

சந்தனத்துக்குள் இருந்து ஒரு பித்தளைச் சொம்பு உருண்டு வந்து என் கால்மேல் விழுந்தது. விளிம்பு நசுங்கியிருந்தது.

சொம்பை ஓரமாக வைத்தேன். சுரண்டினேன். நகம் போனது. அடுத்த விரலால் சுரண்டினேன். மணி நான்காக மூன்று நிமிடம் இருக்கும்போது கடைசி அடுக்குக்கு வந்தேன். அது என் குரலில் பேசவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் குரல். பயந்த குரல்.

"ஏனுங்க, அதுல ஒரு ஓட்டை இருக்குதுங்க. அடைச்சுப்போடாதீங்க."

கீழே ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தது.

டேங்க் மூச்சு இழுத்தது. நாற்பத்தொரு வருஷத்து மூச்சு. மாடிகளில் காய்ந்த துணியெல்லாம் எங்கள் பக்கம் பறந்தது. புனிதவதியின் படிவங்கள் போயின. தெருமுனைப் பிள்ளையார் கோயில் மணி தானாக அடித்தது. ஸ்டெப்னியில் இருந்த ஆறு பேரும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அமைதி.

காருக்குள் மோந்து பார்த்தேன். பழைய ரெக்சின் வாடை மட்டும்.

"நின்னுருச்சு" என்றார் புனிதவதி. "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதே முக்கால் மீட்டரு."

"சீட்டு எப்பத் திரும்பி வரும்?"

"வாடைதானுங்க எங்க இலாகா. சீட்டு உங்க பாடு." அவர் டிக்கியை உள்ளே இருந்து சாத்திக்கொண்டார்.

முன்சீட்டில் ஏறி, அதைத் தாண்டி, மிதியடி மேல் நடந்தேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். "நீ சொன்னதுதான் சரி." மூன்றே சொல். முதல் நானூறு மீட்டர் அது தொண்டையைவிட்டு வரவில்லை. அறுநூறில் கரகரவென்று ஏதோ வந்தது. எண்ணூறில் முழுதாக வந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. வழியெல்லாம் போய்ச் சேராத தோசைகள் கிடந்தன. கோபத்தில் ஒன்றை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது.

வேணி கடுகிலிருந்து பாக்களவு ஆனாள். பிறகு வேணி ஆனாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

"கேட்டுச்சு" என்றாள். "எஞ்சின நிறுத்திட்டு வந்தீங்களா?"

நிறுத்தவில்லை.

"ஊதுபத்திய?"

அணைக்கவில்லை.

அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். எழுந்தாள். சேலையை உதறிச் செருகினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நானே போறன். நீங்க உக்காருங்க."

நடந்தாள். பாக்களவு ஆனாள். கடுகளவு ஆனாள். நான் பின்சீட்டில் உட்கார்ந்து, எஞ்சின் நிற்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

நிற்கவில்லை. முதல் கியர் விழுந்தது. கார் நகர்ந்தது. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"வேணி! எங்க போற?"

இரண்டாவது கியர். மூன்றாவது விழும்போது சத்தமே வரவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அப்படிப் போட்டதில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே நல்ல வெயில். எந்த ஊர் என்று தெரியவில்லை. கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.