அடைத்துவிட்ட பொத்தான்

பொம்மையின் முதுகில் பொத்தான் இருந்த இடத்தை எம்-சீல் வைத்து அடைத்து, தேய்த்து, மேலே பெயிண்டும் அடித்திருந்தார் செந்தமிழ்செல்வன். வெண்மதி கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். மேடு பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். அதுதான் அவள் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பியது.

சிதம்பரம் கீழவீதியில் ஒரு காபிக் கடையின் மாடி அது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பொம்மை சேர்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள். எல்லாம் வேலைக்குப் போகிற, தலை நரைக்கத் தொடங்கிய ஆட்கள். அவர்களுக்குள் இரண்டு கட்சி. கை, கால், கழுத்து என்று மூட்டுக்கு மூட்டு மடங்கி, நினைத்தபடி நிற்க வைக்கக்கூடியதுதான் பொம்மை என்பார்கள் ஒரு கட்சிக்காரர்கள். பொத்தானை அமுக்கினால் தானே குத்துவிடும், தானே வாள் வீசும் பொம்மையில்தான் உயிர் இருக்கிறது என்பார்கள் மற்றவர்கள். இந்த இரண்டாவது கட்சிக்கு ஆள் கம்மி, கேலி ஜாஸ்தி.

கேலி செய்வதில் வெண்மதிதான் முன்னால் நிற்பாள். அதெல்லாம் பழைய கதை. மூன்று வருடத்துக்கு முன் ஆலப்பாக்கம் பக்கத்தில் ஸ்கூட்டியோடு விழுந்தாள். இடது கை தப்பியது, விரல்கள் தப்பவில்லை. நரம்பு செத்துப்போய் எதையும் பிடிக்காது. கூட்டத்தில் கேட்டவர்களிடம் "சரியாயிடுச்சி" என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவுக்குள் கையை வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். மூட்டுப் பொம்மை என்றால் ஒரு கை பிடிக்க வேண்டும், மறு கை மடக்க வேண்டும். வீட்டில் இருந்த முப்பதையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

பிறகுதான் புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் இந்தப் பழைய வாள்வீரன் கிடைத்தான். ஒரே கையில் பிடித்து முதுகில் அமுக்கினால் சரக்கென்று வாளை இறக்குவான். கடலூர் வீட்டில் அவளுக்கு ஜடை பின்ன அக்கா வேண்டும், பாட்டில் திறக்க அம்மா வேண்டும். இவனுக்கு அவள் ஒருத்தியே போதும். ஆபீஸ் விட்டு வந்ததும் பத்துத் தடவையாவது அமுக்கிவிட்டுத்தான் காபி குடிப்பாள். போன மாதம் உள்ளே ஸ்பிரிங் கழன்றுவிட்டது. கூட்டத்தில் ரிப்பேர் என்றால் அண்ணாமலை நகர் செந்தமிழ்செல்வன்தான். "ஸ்பிரிங்க மட்டும் மாட்டிக் குடுங்கண்ணே" என்று சொல்லித்தான் அவரிடம் கொடுத்தாள்.

"பதினாறு மூட்டு தங்கச்சி," என்றார் செந்தமிழ்செல்வன். முகமெல்லாம் பல். "எல்லாம் வேற பொம்மையில இருந்து எடுத்துப் போட்டது. மூணு வாரம் ஆச்சு. சொல்லாம செஞ்சா சந்தோசப்படுவீங்கன்னுதான் வாயத் தொறக்கல."

"ஸ்பிரிங்கு எங்கண்ணே?"

"அந்தக் குப்ப எதுக்கு? அப்பவே தூக்கிப் போட்டுட்டேன். நீங்கதான சொல்லுவீங்க, அதெல்லாம் சின்னப் பசங்க வெளையாட்டுச் சாமான்னு."

சொன்னவள்தான். அதற்காகத் தன்மேல் வந்த கோபத்தையும் சேர்த்து அவர்மேலேயே வைத்தாள். கொடுத்த வேலை என்ன, செய்து வைத்திருக்கிற வேலை என்ன? அடுத்தவர் பொருளை அறுத்து அழகு பார்க்க இந்த மனுஷனுக்கு யார் உரிமை கொடுத்தது?

"முதல் போஸ்," என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள் கூட்டத்தில் ஒருத்தியான ஜான்சி. ரிப்பேராகி வந்த பொம்மையை அதன் சொந்தக்காரர்தான் எல்லார் முன்னாலும் முதலில் நிற்க வைக்க வேண்டும், அதைப் படம் பிடித்து குரூப்பில் போட வேண்டும். அவர்களின் வழக்கம் அது. ஜான்சி போனைத் தூக்கிக் காத்திருந்தாள்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வெண்மதிக்கு வீம்பு விடவில்லை. பொம்மையை மேஜையில் படுக்க வைத்து, வலது கையால் அதன் வாள் கையைத் தூக்கினாள். மூட்டு மடங்காமல் பொம்மை மொத்தமும் சேர்ந்து எழுந்தது. இடது கையை வெளியே எடுத்து அதன் காலை அழுத்தினாள். விரல்கள் வழுக்கின. பொம்மை உருண்டு தரையில் விழுந்தது.

எல்லார் கண்ணும் அந்தக் கையின் மேல்தான் இருந்தது. ஜான்சி போனை இறக்கினாள். செந்தமிழ்செல்வன் குனிந்து பொம்மையை எடுத்தார். உண்மையிலேயே பதறிப்போயிருந்தார். நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகமில்லை.

"எப்பிடி நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க தங்கச்சி. நான் வச்சித் தரேன்."

அந்த வார்த்தை அவளைக் கொளுத்திவிட்டது.

"தெனம் கடலூருக்கு வந்து வச்சித் தருவீங்களா?" என்றாள். "எனக்கு எல்லாத்துக்கும் ஆளு இருக்காங்கண்ணே. மீன்ல முள்ளு எடுத்துப் போடக்கூட ஆளு இருக்கு. யாருமே வேணாம்னு என்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான். இதுக்கும் ஒரு ஆளு வேணும்னு பண்ணிட்டீங்க."

"எனக்குத் தெரியாதும்மா..."

"கேட்டிருக்கலாம்ல."

வெண்மதி பொம்மையைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். மடங்கிய கையும் காலும் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. உள்ளே அழுத்தினால் ஜிப்பை இழுக்க முடியவில்லை, ஜிப்பை இழுத்தால் அழுத்த முடியவில்லை. செந்தமிழ்செல்வனின் கை தானாக நீண்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

பையைத் திறந்தபடியே தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். யாரும் கூட வரவில்லை. வந்திருந்தால் கடித்துக் குதறியிருப்பாள்.